உன் அண்ணன் பாகம்

தம்பி,

கடிதத்தில் நெட் போகாது. அதனால்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "நைனா, நெட்டு பூட்சி" என்று சொல்லிவிட்டு நீ மறைந்தாய். நெட் போனவன், நெட் போய்விட்டது என்று எப்படிடா சொல்வான்? மதுராந்தகம் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து ஊரார் சொத்தையெல்லாம் பாகம் பிரித்து எழுதிக் காலம் தள்ளியவன் நான். எவன் எந்த வரியில் பேனாவைக் கீழே வைக்கிறான், ஏன் வைக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? நீ அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று வைத்துவிட்டாய். சரி, வைத்தாய். இப்போது இதைப் படி. பாதியில் கண் கலங்கினால் மடித்து வைத்துக்கொள். மறுபடி பிரிக்கும்போது விட்ட இடத்திலேயே இருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தட்டி மெயிலில் போட்டிருக்கலாம். ஆனால் அதன் பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதில் ஒரு எழுத்தைக்கூட எழுதக் கூடாது என்பது உன் அம்மாவின் உத்தரவு. ஏன் என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ளாதே. மூலப்பத்திரத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும்.

அந்தக் கம்ப்யூட்டரை நாம் வாங்கியபோது கடைக்காரர் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கை C என்றும் D என்றும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். எதற்கு இந்தப் பிரிவினை என்று நான் கேட்டேன். உன் அண்ணன் பார்த்தி சொன்னான்: "C-ல சிஸ்டம் இருக்கும் நைனா, D-ல உன் பத்திரமெல்லாம் இருக்கும். ஒரு நாளைக்கு C செத்தாலும் D பொழச்சிக்கும்." எனக்கு அது பிடித்துப்போனது. அண்ணன் தம்பி சொத்தை நான் பிரித்து எழுதுவதும் அதற்குத்தானே? ஒருத்தன் கடன்பட்டு மூழ்கினால் இன்னொருத்தன் வீடாவது மிஞ்சட்டும் என்றுதானே? இயந்திரத்துக்குள்ளும் நம் தொழில் நடக்கிறது என்று ஆபீஸ் வாசலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அவன் செங்கல்பட்டுக் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, ஒரு மழை நாளில் லீவு விட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டி முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்து பார்த்தால் என் D-யில் பாதியைக் காணோம். "என்னைக் கேக்காமலா என் எடத்துல கோடு போட்ட?" என்று கத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன்னக் கேட்டா ஷெட்யூல் போடச் சொல்லுவ, நாலு பக்க எல்ல எழுதச் சொல்லுவ, பொழுது விடிஞ்சிடும். உன் சொத்துல என் பாகத்த நானே பிரிச்சிகினேன். தம்பி சாட்சி." அந்தப் பாகத்தில் அவனுக்கென்று வேறொரு சிஸ்டம் போட்டுக்கொண்டான். நீ, "அப்ப எனக்கு?" என்று மூக்கால் அழுதாய். பத்தாவது படிக்கிற பிள்ளை, அழுதாய், இல்லை என்று சொல்லாதே. "உனக்கும் எனக்கும் ஒரே பாகம்டா, கூட்டு" என்று சொல்லி, பாஸ்வேர்டை உன் காதில் சொன்னான். இன்றுவரை அது எங்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து பெட்டியைப் போட்டால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. ஒன்று NAINA OFFICE, இன்னொன்று PARTHI VOODU. எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். கீழே ஒரு எண் குறைந்துகொண்டே வரும். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் தானாகவே என் ஆபீசுக்குப் போய்விடும். அப்படி வைத்துக் கொடுத்ததும் அவன்தான். "நைனாவுக்குக் கஷ்டம் வேணாம், அது பாட்டுக்கு வரட்டும்" என்றான். 'வூடு' என்று ஏன்டா எழுதினாய், வீடு என்று எழுதக் கூடாதா என்று கேட்டதற்கு, "வீடுன்னு எழுதினா வாத்தியாரு வூடு மாதிரி கீது" என்றான். அந்த வாய்க்கு நான் பதில் சொல்லி ஜெயித்ததே இல்லை.

அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குப்பத்துக் கடற்கரைக்கு நீங்கள் பைக்கில் போன நாளைப் பற்றி நான் விவரமாக எழுதப்போவதில்லை. இங்கே இல்லை, கொஞ்சம் கழித்துக் கொஞ்சம் எழுதுவேன். அதற்கு முன்னால், நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய், அங்கிருந்து பெங்களூர் போய், அங்கிருந்து அயர்லாந்து போய், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த இந்த ஆறு வருஷமும் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

காலையில் பாட்டுப் போடுவதற்காக உன் அம்மாதான் கம்ப்யூட்டரைத் திறப்பாள். கையில் காபி டம்ளரோடு நிற்பாள். கறுப்புத் திரை வரும், இரண்டு வரியும் வரும், எண் குறைய ஆரம்பிக்கும். என்டரைத் தட்டினால் உடனே என் ஆபீஸ் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் தட்டமாட்டாள். எண் முழுக்கக் குறைந்து தீரும்வரைக்கும் அசையாமல் நிற்பாள். அதற்கப்புறம்தான் காபியை வாயில் வைப்பாள். முதல் முறை பார்த்தபோது நான், "தட்டேன், இன்னாத்துக்கு நிக்கிற?" என்று கேட்டேன். "அது வூட்டுக்குப் போறியான்னு அவனக் கேக்குதுங்க. அவன் வேணாங்கட்டும், அப்புறம் நம்முளுது வரட்டும்" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு எனக்குக் குளியலறையில் ஏதாவது வேலை இருந்தது.

ஒரு முறை எண் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் தூசி துடைக்கும்போது அவள் கை பட்டுக் கீழ் அம்புக்குறியும் என்டரும் அழுந்திவிட்டன. பெட்டி அவன் வூட்டுக்குப் போய்விட்டது. நான் உள்ளே வந்தபோது திரை முழுக்க ஊதா நிறம். நடுவில் அவன் பெயர். பெயருக்குக் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. உன் அம்மா துடைக்கிற துணியைப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவன் உள்ள கீறான், நாமதான் பேரு சொல்லத் தெரியாம வெளிய நிக்கிறோம்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன். பேய் பிசாசுக்கு நான் பயப்பட்டவன் இல்லை. ஆனால் அந்தக் கோடு மின்னியது, யாரோ உள்ளே மூச்சு விடுவது போல இருந்தது. கரண்ட் போய்த் திரை அணைந்த பிறகுதான் அவள் நகர்ந்தாள். உன்னிடம் பாஸ்வேர்டைக் கேட்கச் சொல்லி அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீயும் தானாகச் சொன்னதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, பேங்க் கணக்கெல்லாம் போய்விடும், புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்று நீ ஒரு வருஷமாக நச்சரித்தாய். நான் நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். எதற்குத் தள்ளுகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் கேட்டாய். கடைசியில் கருங்குழி ஜி.எஸ்.டி ரோட்டுக் கடையில் பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டு வந்து, உன் அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன். அங்கே உனக்குக் காலை. நீ இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. போனை டம்ளரில் சாய்த்து வைத்து, நீ சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினேன். எந்த இடத்தில் சிஸ்டத்தைப் போட வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. பார்டிஷன் ஒன்று, இரண்டு, மூன்று. என்னுடைய C-யும் D-யும் முதல் இரண்டு. மூன்றாவதற்கு அளவு மட்டும் போட்டிருந்தது, பெயரே இல்லை. அவன் வைத்த சிஸ்டத்தை இந்தச் சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. ஊர் பேர் தெரியாத பிணத்துக்கு நம்பர் போடுவதைப் போலப் போட்டிருந்தது.

நீ, "மூணாவத கிளிக் பண்ணு நைனா, டெலீட் குடு. அப்புறம் அத்த D-யோட சேத்துடலாம், எடம் நெறைய வரும்" என்றாய். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாய். அந்தச் சாதாரணம்தான் என்னைக் குத்தியது. மூணாவது. பார்த்தியோடது என்று உன் வாயில் வரவில்லை. டெலீட்டை அழுத்தியதும், இதில் முக்கியமான கோப்புகள் இருக்கலாம், எல்லாம் போய்விடும், சம்மதமா என்று அது கேட்டது. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், இரண்டு முறை படித்தேன். படித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தாய். திரையைப் பார்க்காமல் எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இதை அழித்தால் இந்தப் பிள்ளைக்குப் பாரம் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. உனக்காகத்தான்டா அழுத்தினேன். வேறெதற்காகவும் இல்லை. மூன்று என்ற வரி போய், அதே இடத்தில் அன்அலகேட்டட் ஸ்பேஸ் என்று வந்தது. "வந்துச்சா?" என்று கேட்டாய். வந்தது என்றேன். அப்போதுதான் உனக்கு நெட் போனது.

நீ போன பிறகு நான் தனியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்அலகேட்டட் என்றால் எங்கள் பாஷையில் இன்னும் யாருக்கும் ஒதுக்காத இடம். D-யோடு சேர்த்துவிடு என்று நீ சொல்லியிருந்தாய். கை போகவில்லை. ஒருத்தர் இடம் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக நம் எல்லையை அதன்மேல் நீட்டி எழுதுவது மோசடி. மதுராந்தகத்துப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நான் பாகப்பத்திரம் எழுதினேன், உனக்கு நினைவிருக்காது. நான்கு அண்ணன் தம்பிகள். மூன்றாவது ஆள் சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு ஓடிப்போனவர். "அவன் எங்க சார் வரப்போறான், செத்துப் பூட்டான்னு எழுதி மூணாப் போடு" என்றார்கள் மற்றவர்கள். நான் முடியாது என்றேன். நான்காகப் போட்டு, அவர் பாகத்துக்கும் கிழக்கு மேற்கு எல்லாம் எழுதினேன். அவர் இன்றுவரை வரவில்லை. அந்த இடத்தில் முள் மண்டிக் கிடக்கிறது. பக்கத்துப் பாகத்துக்காரர் ஏர் ஓட்டும்போது அந்த எல்லையில் வந்து நின்று திரும்புகிறார், நானே பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில் உன் அண்ணன் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, புது சிஸ்டத்தை C-யில் மட்டும் போட்டு முடித்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் பத்திரம் எழுதுகிறவனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான் என்று நீ சொல்வாய். சொல்.

மறுநாள் காலை உன் அம்மா டம்ளரோடு வந்து நின்றாள். நான் குளிக்கப் போகவில்லை. பெட்டி ஓடியது. கறுப்புத் திரை வரவில்லை. இரண்டு வரி வரவில்லை. நேராகப் பளிச்சென்று ஒரு நீல மலையும் ஏரியும் வந்து, வணக்கம் சொன்னது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் மலை. "இன்னாங்க, கேக்கலையே?" என்றாள்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பேரையும் சேர்த்து. அவள் காபியைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அது நீங்க அழிக்கிற சொத்தா?" நான் தலை குனிந்தேன். ஏனென்றால் அவள் கேட்டது சட்டப்படி சரி. பார்த்தியின் பைக்கைப் பெயர் மாற்றும்போது வாரிசுச் சான்று வாங்க வேண்டியிருந்தது அல்லவா, அப்போது அவளுக்கு விளக்கியதே நான்தான். கல்யாணம் ஆகாத மகன் செத்தால் அவன் பாகத்துக்கு முதல் வாரிசு அம்மா. அப்பன் இரண்டாம் வரிசையில் நிற்கிறவன், அம்மா இருக்கிறவரை அவனுக்கு ஒன்றும் கிடையாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் வாரிசு பார்த்து எழுதுகிறவன், என் வீட்டு வாரிசைக் கேட்காமல் அழுத்திவிட்டேன்.

பென் டிரைவ் வாங்கின கடைக்கு ஓடினேன். அங்கே இருக்கும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கப்புறம் அந்த எடத்துல எதுனா போட்டீங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஒண்ணும் ஆவல. டெலீட் பண்ணா பட்டியல்ல இருந்து பேருதான் போவும், உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும். மேல வேற எழுதினாத்தான் அழியும். தெரிஞ்சவங்க வந்து தேடினா எடுத்துடலாம். அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்க" என்றாள். எனக்கு ரோட்டிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. பட்டாதான் ரத்து, நிலம் அங்கேயே கிடக்கிறது. இது உனக்கும் தெரியும்தானே? உன் பிழைப்பே கம்ப்யூட்டர்தானே? டெலீட் பண்ணினால் போய்விடாது என்று தெரிந்தே, போய்விட்டதாக நினைத்துக்கொள்ளப் பார்த்தாய். நானும் ஆறு வருஷமாக வேறொரு விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இனி அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் மட்டும் அந்தக் குப்பத்துக்குப் போனேன். உன் அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்தவர் ஏழுமலை என்று ஒருவர், அவருக்கு ஒரு வேட்டி துண்டு கொடுக்க. வலையை மடித்துக்கொண்டிருந்தார். வேட்டியைக் கையில் வாங்கவில்லை, படகின் விளிம்பில் வைக்கச் சொன்னார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாரு, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சிக்க. பெரிய புள்ள குளிக்க எறங்கல. சின்ன புள்ள செருப்பு ஒண்ண அல இசுத்துகினு பூட்சி. 'அண்ணா, புது செருப்புண்ணா'ன்னு அது கத்துது. பெரிசு சிரிச்சிகினே எறங்குச்சி. முட்டித் தண்ணிதான். அங்க அடியில மணலு பள்ளம் கீது, வெளியூரு ஆளுக்கு இன்னா தெரியும்? செருப்ப எட்டிப் புடிச்சிட்டான் சாரு. கையில தூக்கி ஆட்டிக் காட்டினான். அடுத்த அலதான்." வலையை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, "சின்னதத் திட்டாத சாரு. அது கழுத்துத் தண்ணி வரைக்கும் வந்துச்சி. நாங்கதான் முடியப் புடிச்சி இசுத்தோம்" என்றார்.

நீ எங்களிடம், அண்ணன் குளிக்கப் போனான், அலை இழுத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தாய். நான் உன்னைக் கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. எழுதாதவரை அது சாட்சிக்கு வராது என்பது எங்கள் தொழிலில் ஊறின புத்தி. சொல்லாமல் இருந்தால் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வராதபோது, எதைத் தாண்டி வர முடியாமல் நிற்கிறாய் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இருபது வயதுகூட ஆகாத பிள்ளை, 'புது செருப்புண்ணா' என்று கத்தியதற்கு இத்தனை தண்டனையா? ஐயோ, என் கண்ணே.

பென் டிரைவ் கடைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் இதை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழித்தது சின்னவன் குற்றம் இல்லை, ஏன் அழிக்கச் சொன்னான் என்றால் இதற்குத்தான் என்று ஏழுமலை சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள். "அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாரும் பெரியவனப் பாத்துகினு இருந்தீங்க. நான் இவன் காலப் பாத்தேன். ஒத்த செருப்போட நின்னுகினு இருந்தான் புள்ள. அத்தக் கழட்டக்கூடத் தோணல அவனுக்கு. நான்தான் கழட்டி, யாரும் இன்னா ஏதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி புடவைக்குள்ள சுத்தி எடுத்துகினு வந்து ஏரியில போட்டேன். ஒண்ணு போச்சின்னா அது எப்படிப் போச்சின்னு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு?"

பார்த்தாயா தம்பி? இந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் நடுவில் சுவர் எடுத்துக்கொண்டு, அடுத்தவனுக்குத் தெரியாது என்று ஆறு வருஷம் குடியிருந்திருக்கிறோம். பாகம் பிரிப்பது நல்லது என்று இத்தனை காலம் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். உன் சம்பாத்தியத்தைத் தனியாக வை, உன் வேலையின் பேஜாரை வீட்டுப் பக்கம் கொண்டுவராதே, ஒன்று செத்தால் இன்னொன்று பிழைக்கட்டும். ஆனால் துக்கத்தைப் பாகம் பிரிக்காதே. அது பிரியாது. ஆளுக்கு முழுசு முழுசாக வந்துவிடுகிறது.

கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அந்த எடம் சட்டப்படி எனக்குத்தான?" ஆமாம் என்றேன். "அப்ப அத்த நான் யாருக்கு வேணா எழுதலாம்ல?" எழுதலாம் என்றேன். "சின்னவனுக்கு எழுதுங்க. அதுக்கு இன்னா பத்திரம்?" எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கிற இடத்துக்கு எந்த ஊரில் பத்திரப்பதிவு என்று சொல்லப்போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை, தொழில்காரனாக யோசித்தேன். அம்மா மகனுக்குச் சும்மா கொடுத்தால் அது தான செட்டில்மென்ட். ஆனால் உன் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அது உனக்கும் சேர்த்துக் கூட்டு என்று சொல்லிவிட்டான், நானே காதால் கேட்டேன். கூட்டுச் சொத்தில் ஒருத்தர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் அதற்கு வேறு பத்திரம். "விடுதலைப் பத்திரம்" என்றேன்.

"இன்னா பத்திரம்?"

"விடுதலை."

என் ஆயுசில் எத்தனையோ விடுதலைப் பத்திரம் எழுதியிருப்பேன். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் எதிரில் சத்தம் போட்டு அழுதாள். அழுதுகொண்டே, "அதான். அத்த எழுதுங்க" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முத்திரைத்தாளில்தான் எழுதினேன், பழக்கம் விடவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை. அதனால் அதில் இருப்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். அந்த இடத்தை நீ மீட்டு எடுத்துத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். திறக்காமலே வைத்துக்கொள்ளலாம். மேலே வேறு எழுதி அடியோடு அழித்தும் விடலாம். எது செய்தாலும் அவளுக்குச் சம்மதம், அதைப் பற்றி உன்னை எக்காலத்திலும் கேட்கமாட்டாள். அன்றைக்குக் கடற்கரையில் நடந்ததற்கு உன்மேல் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு, நல்ல நினைவோடு எழுதிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான். என் வாழ்நாளில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பத்திரம் இது ஒன்றுதான்.

எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டுவிட்டேன். எழுதி வாங்குபவர் கையெழுத்துத்தான் பாக்கி. தபாலில் அனுப்பினால் போட்டு அனுப்பிவிடுவான் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் செல்லாது. ஆளு நேர்ல வந்துதான் போடணும்" என்கிறாள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்தச் சட்டத்தை மட்டும் எனக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை.

உன் நைனா